படம் வேறு, காசு வேறு: இணைய நாணய ஏலத்தில் எட்டு மாதங்கள்

பழைய நாணயங்களைக் கைப்பேசி வழியே ஏலத்தில் விற்கும் செயலி ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி, மொத்தம் பதினான்கு லாட்டுகள் (ஒரு லாட்டு என்பது ஒரே ஏலத்தில் சேர்த்து விடப்படும் காசு அல்லது காசுகள்) எடுத்த அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரு லாட்டைப் பற்றிய என் புகார் இன்னும் முடியாமல் இருக்கிறது. அதோடு, என் மனக்குறை அந்த ஒரு பெயரைப் பற்றியது என்பதைவிட, இத்தகைய ஏலம் நடக்கும் விதத்தைப் பற்றியது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட லாட்டுகளுக்கு மட்டும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாத்தா விட்டுச்சென்ற ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த ஓட்டைக் காலணாக்களில் தொடங்கிய பழக்கம், இருபது ஆண்டுகளாகத் தொடர்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் பழைய காசுக்கென்று தனிக் கடை இல்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் தார்ப்பாய் விரித்து நாலைந்து காசுகளைப் பரப்பி வைக்கும் ஓரிருவர், அடகில் மூழ்கிய வெள்ளிக் காசுகளை எடைக்குத் தரும் நகைக்கடைக்காரர்கள் ஆகியோரை விட்டால், பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே, வீட்டில் உட்கார்ந்தபடியே கொல்கத்தாக்காரர் விற்கும் காசைக் கேட்டு எடுக்கலாம் என்ற வசதி எனக்குப் பெரிதாகத்தான் பட்டது. மாங்காய் வரத்துக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். சந்தைக்கும் போக முடியாது, பெங்களூருக்கும் போக முடியாது. செயலியின் ஏலமோ இரவு ஒன்பது மணிக்குத்தான் முடிகிறது.

நடைமுறை எளிது. விற்பவர் காசின் இருபுறப் படத்தையும் நாலு வரி விவரத்தையும் தொடக்க விலையையும் பதிகிறார். ஐந்து நாள் ஏலம் நடக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் மேலும் இரண்டு நிமிடம் நீள்கிறது. எடுத்தவர் ஏலத் தொகையோடு நூற்றுக்குப் பத்து கமிஷனும் கூரியர் செலவும் கட்ட வேண்டும். விற்றவரிடமும் ஒரு கமிஷன் பிடிக்கிறார்கள். பொருள் கைக்கு வந்து மூன்று நாட்களுக்குள் திருப்பி அனுப்பக் கோரலாம். பொட்டலத்தைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் எடுத்த வீடியோ இருந்தால்தான் அந்தக் கோரிக்கையைப் பரிசீலிப்பார்கள். சில விற்பனையாளர்களின் பெயருக்கு அருகே பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பதினான்கு லாட்டுகளில் பன்னிரண்டு குறையற்றவை என்பதை மறைக்கக் கூடாது. 1943 முதல் 1947 வரை, போர்க்கால உலோகச் சிக்கனத்துக்காக நடுவில் துளையிட்டு அடிக்கப்பட்ட ஓட்டைக் காலணாக்கள் இருபது, விளிம்பு அலை அலையாக இருக்கும் ஓரணாக்கள் பன்னிரண்டு, பின்புறம் புலி நடக்கும் 1947ஆம் ஆண்டு நிக்கல் ரூபாய் ஒன்று ஆகியவையெல்லாம் படத்தில் கண்டபடியே வந்தன. புலி ரூபாய் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. நிக்கல் காசுக்கு அதுதான் சரி. பொட்டலம் கட்டும் முறையிலும் குறை சொல்ல இடமில்லை. ஒருமுறை கூரியர் தம்பி மழை நாளில் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அட்டைச் சட்டங்களுக்குள் ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை. முப்பது ரூபாய்க் காசைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதால், இந்த வகை லாட்டுகளில் செயலி நன்றாகவே உழைக்கிறது. ஆயிரத்தைத் தாண்டிய பிறகுதான் கதை மாறுகிறது.

ஐந்தாவது மாதத்தில் 1840 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ராணி ரூபாய் ஒன்றை 3,400 ரூபாய்க்கு எடுத்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவான ரூபாயை 1835இல் நான்காம் வில்லியமின் தலையோடு வெளியிட்டது. பின்னர் அது விக்டோரியாவின் தலைக்கு மாறி, ஆட்சி அரசியின் கைக்குப் போனபின் 1862இல் புதிய காசு வரும்வரை, எந்த ஆண்டில் அடித்தாலும் 1840 என்றே பொறித்துவந்தார்கள். ஆகையால் இது அரிய காசன்று. அரிய காசென்றால் வாங்குபவர் பத்து முறை யோசிப்பார், இதற்கு யோசிக்க மாட்டார் என்பதைப் போலி செய்பவரும் அறிந்திருக்கிறார். உண்மையான காசின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, விட்டம் ஏறத்தாழ முப்பதரை மில்லிமீட்டர்.

பொட்டலத்தைப் பிரித்துக் காசை உள்ளங்கையில் எடுத்தபோதே மனம் ஒப்பவில்லை. அச்சடித்த காசில் எழுத்து எழும்பும் இடம் கூர்மையாக இருக்கும். தேய்ந்த காசானாலும், எழுத்தின் மேற்பகுதி தேய்ந்திருக்குமே தவிர அடிக்கோடு தெளிவாக நிற்கும். இதில் எழுத்தின் மேலும் கீழும் ஒருசேர மழுங்கி, குளித்துத் தேய்ந்த சோப்பின் மேல் இருக்கும் எழுத்தைப் போல் இருந்தது. ராணியின் கழுத்து வெட்டில் அச்சு செதுக்கிய வில்லியம் வயனின் பெயர் முதலெழுத்துகள் இரண்டு இருக்க வேண்டும்; அந்த இடத்தில் ஒரு சிறிய கட்டி மட்டும் இருந்தது. வெற்றுப் பரப்பில் ஊசி முனை அளவில் குழிகள் தெரிந்தன. வார்ப்பில் காற்றுக் குமிழ் விட்டுச்செல்லும் குழிகள் அவை. படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்திலிருந்த காசில் ராணியின் காதுக்கு மேலே, கூந்தலில் சாய்வாக ஒரு சிறிய வெட்டுக் காயம் இருந்தது. கையிலிருந்த காசில் அது இல்லை. படம் ஒரு நல்ல காசினுடையது; வந்தது வேறு.

மறுநாள் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் தராசில் வைத்துப் பார்க்க, அங்கே பணிபுரியும் தம்பி அனுமதித்தார். 10.31 கிராம். நீண்ட நாள் புழங்கித் தேய்ந்தால் வெள்ளி ரூபாய் சிறிது எடை குறையும். ஆனால் ராணியின் முடியிழை தெரியும் அளவுக்குத் தேயாத காசு ஒன்றே கால் கிராமுக்கு மேல் இழந்திருக்க வழியில்லை. அடுத்து நீர்ச் சோதனை செய்தோம். வீட்டில் இரண்டு தசம இலக்கத் தராசு வைத்திருப்பவர் எவரும் இதைச் செய்துவிடலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். சிறு கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, அது காட்டும் எடையைச் சுழியாக்கிவிட வேண்டும். பிறகு காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் ஒப்படர்த்தி, அதாவது அது நீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைத்துவிடும். பழைய வெள்ளி ரூபாய்க்கு அது 10.3ஐ ஒட்டி வர வேண்டும். எனக்குத் தராசு 1.20 காட்டியது, வகுத்தால் 8.59. பித்தளையும், பெயரில் மட்டும் வெள்ளியுள்ள ஜெர்மன் சில்வரும் இருக்கும் இடம் அது. காசில் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்குத் தவறும் என்பதால் மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் விடையில் பெரிய மாற்றமில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நப்பாசையில் பழையபேட்டையில் எனக்குப் பழக்கமான பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் விளிம்பை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தார். "ஓரத்துல அரம் போட்டிருக்காங்க பாருங்க, ரெண்டு பாதி சேர்ற இடத்தை ராவியிருக்காங்க" என்றார். அவர் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது: விளிம்பின் வரிகள் ஓரிடத்தில் சாய்ந்து, ஒன்றோடொன்று இணையாமல் போயிருந்தன. உரைகல்லில் இழுத்து ஒரு சொட்டுத் திராவகம் வைத்ததும் கோடு பச்சையாகக் கரைந்தது. அவர் அதற்குக் கூலி வாங்கவில்லை.

நான்காவது நாள் ஆகியிருந்தால் இந்தச் சோதனைகளுக்குப் பயனே இருந்திருக்காது. மூன்று நாள் கெடு முடிய ஏழு மணி நேரம் இருக்கும்போது கோரிக்கையை வீடியோவோடும் எடைப் படங்களோடும் அனுப்பினேன். பெறப்பட்டது என்ற பதிலே ஆறாம் நாள்தான் வந்தது. இருபத்தாறாம் நாள் 3,400 ரூபாய் திரும்பி வந்தது. கமிஷன் 340 ரூபாயும், காசைத் திருப்பி அனுப்ப நான் கட்டிய 140 ரூபாயும் வரவில்லை. ஏலம் 'நிறைவாக முடிந்தது' என்பதால் கமிஷன் திரும்பத் தரப்படாது என்று விளக்கம் கொடுத்தார்கள். போலி விற்றதில் விற்றவருக்கு நட்டமில்லை, நடுவில் இருந்தவருக்கு 340 ரூபாய் லாபம், எனக்கு மட்டும் நட்டம் என்று இந்தக் கணக்கை முடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஏமாற்றம் இதைவிட நுட்பமானது. வருத்தத்துக்கு நடுவிலும் அந்தக் கைவேலையை வியக்காமல் இருக்க முடியவில்லை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் வெளிவந்தபோது, மன்னரின் மார்பில் தொங்கும் பதக்க மாலையில் உள்ள யானை, தும்பிக்கையும் வாலும் குட்டையாகிப் பார்ப்பதற்குப் பன்றியைப் போல் அமைந்துவிட்டது. முஸ்லிம் மக்களிடம் எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு அதன் வெளியீட்டை நிறுத்தி, கையிருப்பில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி யானையைத் திருத்தி அடித்தது. சேகரிப்பாளர்கள் முந்தையதைப் 'பன்றி ரூபாய்' என்பார்கள். 1912ஆம் ஆண்டுக் காசு வெள்ளி விலையைச் சற்று ஒட்டிக் கிடைக்கும். 1911க்கு அதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

நான் 9,200 ரூபாய்க்கு எடுத்த பன்றி ரூபாய், முதல் அனுபவத்தில் கற்ற எல்லாச் சோதனைகளிலும் தேறியது. எடை 11.52 கிராம். நீர்ச் சோதனையில் 1.12, அதாவது ஒப்படர்த்தி 10.29. விளிம்பு சீராக இருந்தது. படத்தில் இருந்த அதே காசுதான் வந்திருந்தது. நிம்மதியாக உறையில் போட்டு வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் ஏற்கெனவே இருந்த 1912ஆம் ஆண்டுக் காசையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து மடங்கு லென்சில் பார்த்தபோதுதான், இரண்டு யானைகளும் ஒன்றாக இருப்பது கண்ணில் பட்டது. இரண்டுக்கும் நல்ல நீளமான தும்பிக்கை. அப்படியானால் 1911 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது? பின்புறத்தைத் திருப்பி, மலர்வளையத்துக்குள் இருக்கும் ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். அதன் வலப்பக்கத்தில், நெல்மணியின் நுனியளவு இடத்தில், வெற்றுப் பரப்பு மற்ற இடங்களைவிட ஒரு இழை தாழ்ந்து, வழவழப்பாக இருந்தது. சாய்வெளிச்சத்தில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. அரசு அடித்த 1912ஆம் ஆண்டுக் காசில், இரண்டு என்ற இலக்கத்தின் வளைவையும் காலையும் யாரோ செதுக்கியெடுத்து ஒன்றாக்கியிருக்கிறார். அதன் பிறகு, செதுக்கிய இடம் பளிச்சென்று தெரியாமலிருக்க அதைக் கறுக்கவும் வைத்திருக்கிறார்.

படத்திலேயே யானையைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படத்தில் விளக்கொளி சரியாக மன்னரின் மார்பில் பட்டு அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று அன்று நினைத்தேன், இன்று நினைக்கவில்லை. ஆனாலும் தெளிவான படம் கேட்டு விற்பவருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆண்டைப் பார்த்த அவசரத்தில் யானையைப் பார்க்காமல் விட்டது என் குற்றம்.

இதற்கான புகாரைச் செயலி ஏற்கவில்லை. மூன்று நாள் கெடு கடந்துவிட்டது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: லாட்டின் விவரத்தில் 'ஒரிஜினல் வெள்ளி' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது, வந்த பொருளும் வெள்ளிதான், எனவே விவரத்தில் பிழையில்லை என்று விற்பவர் பதில் கொடுத்திருக்கிறார், அதைச் செயலியின் வாடிக்கையாளர் பிரிவும் அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறது. தலைப்பில் 1911 என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நான் சுட்டிக்காட்டியதற்கு, அது காசின் மேல் பொறிக்கப்பட்டுள்ள எண் என்றார்கள். வழக்கறிஞர் வைத்து யோசித்தாலும் இவ்வளவு நேர்த்தியான பதில் கிடைக்காது.

இப்போது அந்தப் பச்சைச் சரிக்குறி. இரண்டு லாட்டுகளையும் விற்றவர்களின் பெயரருகே அது இருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்பதற்கு, காசுகளை யாரோ விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்கிறார் என்று நானாகவே பொருள் கொண்டிருந்தேன். என்னைப் போலவே பலரும் கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். விதிமுறைப் பக்கத்தில் நாற்பதாவது பத்தி வரை இறங்கிப் படித்தபோதுதான், ஆதார் எண், வருமானவரி அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் விற்பவர் கொடுத்துவிட்டார் என்பது மட்டுமே அதன் பொருள் என்று தெரிந்தது. சரிபார்க்கப்பட்டவர் ஆள், காசை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது நேராக விற்பவரின் மேசையிலிருந்து என் திண்ணைக்கு வருகிறது. செயலிக்காரர் கண்ணால் காண்பது படத்தை மட்டுமே. கமிஷன் வாங்குவதும் அந்தப் படத்துக்குத்தான். இந்தச் சேவைக்கு நான் மூன்று மதிப்பெண் குறைத்ததற்கு வேறு எதையும்விட இந்தக் குறியே காரணம். அது இல்லாதிருந்தால் சந்தையில் நிற்கும்போது இருக்கும் எச்சரிக்கை எனக்கு இருந்திருக்கும்.

அந்தக் குறியுள்ளவர்கள் வேறு என்னென்ன விற்கிறார்கள் என்று ஒருநாள் பொறுமையாகப் பார்த்தேன். 'கோவில் காசு' என்ற பிரிவில், ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செம்புக் காசுகள் வரிசையாக இருந்தன. கம்பெனி எப்போதும் தெய்வ உருவம் பொறித்ததில்லை என்று சொல்லிவிட முடியாது; உள்ளூர் வழக்கத்தையொட்டி மதராசில் அடித்த தங்க வராகன்களில் திருமாலின் உருவம் உண்டு, தேவியரோடு நிற்கும் 'மூன்று சுவாமி வராகன்' அதில் பெயர் பெற்றது. ஆனால் 1818 என்று பொறித்த இந்த அனுமன் அணாக்கள் காசு அடிக்கும் எந்த அக்கசாலையிலும் அடிக்கப்பட்டவை அல்ல; பிற்காலத்தில் விற்பனைக்கென்றே செய்தவை. நம் பக்கத்தில் இவற்றை 'அரிசியை இழுக்கும் காசு' என்று சொல்லிப் பல இலட்சம் கறக்கும் கூட்டம் உண்டு என்பதை ரைஸ் புல்லர் என்ற சொல்லைக் கேள்விப்பட்ட எவரும் அறிவர். செயலியில் அவை அறுநூறு ரூபாய்க்குப் போகின்றன. அங்கே எடுத்தவர் வெளியே எவ்வளவுக்கு விற்பாரோ தெரியாது.

எங்கள் வட்டாரத்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. 'பாராமகால் புதையல், கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பக்கம் கிடைத்தது' என்ற விவரத்தோடு திப்பு சுல்தானின் யானைக் காசு ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஊர்ப் பெயரைக் கண்டதும் எனக்கு ஆசை வந்ததை ஒப்புக்கொள்கிறேன். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனியிடம் போகும்வரை, பாராமகால் எனப்பட்ட எங்கள் வட்டாரம் ஹைதர், திப்பு ஆகியோரின் ஆட்சியில்தான் இருந்தது. எனவே இங்கே அவர்கள் காசு கிடைப்பதில் வியப்பில்லை. நான் படத்தைப் பெரிதாக்கி, மாங்காய் மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் காசில் பாரசீக எழுத்தில் இருந்த ஆண்டின் எண்களை வாசிக்கக் கேட்டேன். "ஆயிரத்து இருநூற்று இருபத்துநாலுங்க" என்று இடமிருந்து வலமாக வாசித்தார். திப்பு 1787 வாக்கில் தாமே தொடங்கிய மவ்லூதி ஆண்டுக் கணக்கில் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அந்த முறையில் 1224 என்றால் வாசிப்பவருக்கு 4221 என்று தெரிய வேண்டும். அதற்கு முந்தைய ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு என்று வைத்துக்கொண்டாலோ, ஹிஜ்ரி 1224 என்பது 1809. திப்பு 1799இல் இறந்துவிட்டார். செய்தவருக்கு யானை வரைய வந்திருக்கிறது, ஆண்டு எழுத வரவில்லை.

அந்த 'புதையல்' என்ற சொல்லே ஒரு சிக்கல். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். ஆகவே விற்பவர் சொல்வது உண்மையென்றால் வாங்குபவருக்கு வம்பு. பொய்யென்றால் காசு போலி. இரண்டில் எதுவானாலும் அந்த லாட்டை எடுப்பதற்கில்லை. செயலியில் 'புதையல்' என்று தேடினால் முடிவுகள் குறையாமல் வருகின்றன. அந்தச் சொல்லைத் தடுப்பதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.

தருமபுரியில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் ஒருவர், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் வெளியான ஆயிரம் ரூபாய் நினைவு நாணயத்தை இதே செயலியில் எடுத்தார். அது 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது, எண்பது விழுக்காடு வெள்ளி. அவருக்கு வந்தது 24 கிராம். சமையலறைத் தராசிலேயே தெரிந்துவிட்டதால் அவர் அன்றே திருப்பி அனுப்பினார். நினைவு நாணயங்களை அரசு அக்கசாலைகளே உறையிட்டு நேரடியாக விற்கின்றன. அறிவிப்பு வரும்போதே பதிவுசெய்து வாங்குவதுதான் நல்லது, ஏலத்தில் தேட வேண்டிய பொருளன்று அது.

குறைதீர்ப்பைப் பற்றி எழுதும்போது, எனக்குத் தாமதமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பொருளின் விவரமும் படமும் உண்மைப் பொருளோடு ஒத்திருக்கும் என்று விற்பவரிடமிருந்து உறுதிமொழி வாங்கியிருக்க வேண்டிய பொறுப்பும் சந்தை நடத்துபவருடையது. எனக்கு முதல் பதிலே ஆறாம் நாள் வந்தது. விற்பவர் என்று ஒரு புனைபெயர் மட்டும் திரையில் இருந்தது. இந்த மூன்றையும் குறிப்பிட்டு மறுமடல் எழுதிய பிறகுதான் வாடிக்கையாளர் பிரிவின் தொனியில் மரியாதை கூடியது, பணம் கூடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அதுவும் பயனளிக்காததால், பன்றி ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இணையவழியில் மனு அளித்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. செயலியின் விதிமுறையில் 'வழக்குகள் எங்கள் தலைமையகம் உள்ள நகரில் மட்டுமே' என்று எழுதியிருப்பதைக் கண்டு நான் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

இதற்கிடையே என் கைப்பேசி எண் எப்படிப் போனதோ, ரிசர்வ் வங்கியின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்து, என்னிடமுள்ள பழைய காசுகளைப் பதினெட்டு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும், அதற்குமுன் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் இந்தியில் சொன்னார். பழைய நாணயங்களை வாங்குவதிலும் விற்பதிலும் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எவ்வகைக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதியே எச்சரித்திருக்கிறது. அந்த அழைப்புக்கும் செயலிக்கும் தொடர்புண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த எண்ணை நான் வேறெங்கும் காசு விஷயமாகக் கொடுத்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி நான் இந்தச் செயலியை விட்டுவிடப்போவதில்லை. ஐந்நூறு ரூபாய்க்குள் செம்பு, வெண்கல, நிக்கல் காசுகள் எடுப்பேன். அதற்கு மேல் போனால், என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனத்தின் உறையில் இருந்து, அந்த எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த காசுக்கு மட்டுமே கை உயர்த்துவேன். உறையையும் போலி செய்கிறார்கள், ஆகவே எண் மட்டும் ஒத்தால் போதாது, படமும் ஒக்க வேண்டும். வெள்ளி ரூபாய்க்குப் பழையபேட்டைப் பத்தர் கடையே எனக்குப் போதும். கையில் வாங்கி, கல்லில் தட்டி ஓசை கேட்டு, எடை போட்டுப் பணம் தரலாம். பன்றி ரூபாயை உறையிலிருந்து எடுத்து, 1912 என்று எழுதிய அட்டையில் மாற்றி வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும்.

நான் திருப்பி அனுப்பிய விக்டோரியா ரூபாய் இரண்டு வாரத்தில் அதே படத்தோடு மீண்டும் ஏலத்துக்கு வந்தது. புகார் செய்தேன், நீக்கினார்கள். பத்து நாளில் வேறொரு பெயரில், வேறொரு பச்சைக் குறியோடு வந்தது. காதுக்கு மேலே கூந்தலில் அதே சாய்வான வெட்டுக் காயம். மறுபடியும் புகார் செய்திருக்கிறேன். நேற்றிரவு பார்த்தபோது ஏழு பேர் கேட்டிருந்தார்கள். விலை 3,150இல் நின்றது, முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.